டிரம்பெட் கற்பவர்கள் உதட்டுக்குச் செய்யும் தவறுகள்

டிரம்பெட்டில் விரலால் அழுத்த இருப்பவை மூன்றே வால்வுகள். ஒரு வால்வையும் அழுத்தாமலே கீழ் சி, ஜி, மேல் சி, இ, ஜி என்று ஐந்து சுரங்கள் எழும். அவற்றில் எது எழ வேண்டும் என்பதை உதடும் மூச்சும்தான் முடிவு செய்கின்றன. விரல் சீக்கிரம் பழகிவிடும், உதடு பழக வருடங்கள் ஆகும். இளம் கலைஞர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் தவறு, மேல் சுரம் வரவில்லை என்றதும் மவுத்பீஸை, அதாவது வாய் வைத்து ஊதும் பகுதியை, உதட்டில் வைத்து அழுத்துவது. அழுத்தினால் அந்த நேரத்துக்குச் சுரம் வந்துவிடும், அதனால் அதுவே பழக்கமாகிவிடும். ஆனால் அழுத்தத்தில் உதட்டுக்கு ரத்த ஓட்டம் குறையும், அதிர்வு மங்கும், சற்று நேரத்தில் வந்த சுரமும் வராது. உதட்டின் ஓரங்களை உறுதியாக வைத்துக்கொண்டு காற்றை வேகமாகச் செலுத்துவதுதான் சரியான வழி. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற மேதைக்கே உதடு பலமுறை கிழிந்திருக்கிறது. டிரம்பெட் வாசிப்பவர்களுக்கு வாயைச் சுற்றியுள்ள தசை கிழிவதைப் பற்றி 1982இல் எழுதிய மருத்துவர், அதற்கு ஆம்ஸ்ட்ராங்கின் பட்டப்பெயரையே வைத்து ‘சாட்ச்மோ நோய்க்குறி’ என்று பெயரிட்டார்.

அடுத்தது, ஓய்வில்லாத பயிற்சி. இசைக்கான கிரேடு தேர்வு நெருங்கினால் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள். அதையே மூன்று வேளையாகப் பிரிக்கலாம். வாசித்த அளவுக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும். உதடு மரத்துப் போனாலோ வீங்கினாலோ அன்றைக்கு அத்தோடு சரி. வீட்டில் எல்லோரும் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்பதற்காக நீண்ட சுரப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதும் கூடாது. ஒரே சுரத்தை மெதுவாகத் தொடங்கி, வளர்த்து, தணித்து முடிப்பது கேட்பவருக்குச் சலிப்பாக இருக்கலாம். நாதம் அங்கேதான் உருவாகிறது.

மேல் சுரம் எளிதாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆழம் குறைந்த மவுத்பீஸுக்கு மாறுவதும் வேண்டாம். கற்கத் தொடங்கும் நிலையில் ஒலி மெலிந்துவிடும்.

சுருதி விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று: கீழ் டி-யும் சி ஷார்ப்பும் இயல்பாகவே சுருதி ஏறித்தான் ஒலிக்கும். வாசிக்கும்போதே மூன்றாவது வால்வின் ஸ்லைடை (நகர்த்தக்கூடிய குழாய்த் துண்டை) வெளியே தள்ளி அதைச் சரிசெய்ய வேண்டும். மாணவர்களின் கருவிகளில் அந்த ஸ்லைடு கிரீஸ் காணாமல் இறுகிக் கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

அப்புறம், மேடை. சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் சி ஸ்கேல் என்றால் பி ஃபிளாட் டிரம்பெட்காரர் டி ஸ்கேலில் வாசிக்க வேண்டும்; அந்தக் கருவி வாசிக்கும் சுரத்தைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். இதை ஆராதனை நடக்கும்போது யோசிக்க முடியாது, முன்பே பழகியிருக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் சிக்கல் வேறு மாதிரி. டிரம்பெட்டுக்குப் பல பக்கங்கள் மௌனமாகவே போகும். எப்போது நுழைய வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவர் தாளத்தை எண்ணுவார் என்று நம்பி உட்காரக் கூடாது. ஏசி அரங்கில் அதற்குள் கருவி குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும். நுழைவதற்குச் சற்று முன் சத்தமில்லாமல் சூடான மூச்சை உள்ளே ஊதிக்கொள்ள வேண்டும்.

முகூர்த்த நாட்களில் காலையில் ஒரு கல்யாணம், மாலையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு என்று இரண்டுக்கும் ஒத்துக்கொள்வதுதான் இளைஞர்களை அதிகம் கெடுப்பது. பணத்தேவை புரிகிறது. ஆனாலும் பதினெட்டு வயது உதட்டுக்கு அது தாங்காது. தெருவில் மேளச் சத்தத்துக்கு ஈடுகொடுக்க, உரக்க ஊத ஊத மவுத்பீஸ் தானாகவே உதட்டில் அழுந்தும். ஊர்வலம் எத்தனை மணி நேரம், எங்கெங்கே நிறுத்துவார்கள், மாற்றி வாசிக்க இன்னொரு டிரம்பெட் உண்டா என்பதையெல்லாம் சம்பளம் பேசும்போதே பேண்ட் மாஸ்டரிடம் கேட்டுவிட வேண்டும்.