சாய்ஸ் ஃபில்லிங்: 'சேஃப்' கல்லூரியை முதலில் போடாதீர்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கவுன்சலிங் சமயத்தில் பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) விருப்பப் பட்டியல் நிரப்பவும் உதவுவேன். வருடா வருடம் ஒரே கூத்தைத்தான் பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் அடிக்கிறார்கள். கடைசித் தேதியை விடாதே, ஓடிபியைக் கொடுக்காதே என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சேஃப் கல்லூரிக்கு முதலிடம்

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவி கணக்கில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 90 வாங்கியிருந்தாள். கணக்கு முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 96, 46, 45. 200-க்கு கட்-ஆஃப் 187. பட்டியலைப் போட்டுக் கொடுத்தது அவளுடைய சித்தப்பா. ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சுமாரான கல்லூரி முதலிடத்தில். அவள் நிஜமாகவே ஆசைப்பட்ட அரசுக் கல்லூரி எங்கேயோ கீழே. "கிடைக்காததைக் கேட்டு வாய்ப்பை வீணாக்காதே" என்பது சித்தப்பாவின் வாதம்.

முதல் சாய்ஸே கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவளுக்குப் பின்னால் ரேங்க் வாங்கிய, அதே இடஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த வகுப்புத் தோழி அந்த அரசுக் கல்லூரியிலேயே இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) எடுத்திருக்கிறாள் என்று. "சார், அப்வர்ட் கொடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அப்வர்ட் என்றால் இன்னும் நல்ல இடம் காலியானால் கொடுங்கள் என்று கேட்பது; அதுவும் பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே இருப்பவை மட்டும்தான். முதல் வரிக்கு மேலே என்ன இருக்கும்?

கணினி செய்வது இவ்வளவுதான். ரேங்க் வரிசையில் உங்கள் முறை வந்ததும் பட்டியலை மேலிருந்து படிக்கும். முதல் வரியில் உங்கள் பிரிவுக்கு இடம் இல்லையா, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்திவிடும். உங்களுக்கு ஒன்றை ஒதுக்கிய பிறகுதான் அடுத்த ரேங்க்காரரிடம் போகும். ஆக, பலரும் ஆசைப்படும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளான கிண்டியையும் எம்ஐடியையும் மேலே போட்டுக் கிடைக்காமல் போனால் நஷ்டம் ஒரு பைசா கிடையாது. கீழே போட்ட கல்லூரி அதனால் கைநழுவாது. பிடித்த வரிசையில் போடுங்கள், கிடைக்கும் வரிசையில் அல்ல. சேஃப் கல்லூரிகள் தேவைதான், பட்டியலின் அடியில். எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், பத்தோடு நிறுத்தாதீர்கள்.

சித்தப்பாவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 2017 வரை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், காலியிடங்களைத் திரையில் பார்த்து, இருப்பதில் ஒன்றைச் சொல்லிவிட்டு வருவோம். இருப்பதைக் கேட்பதுதான் அன்று புத்திசாலித்தனம். 2018-இல் ஆன்லைன் வந்தது. இப்போது காலியிடம் தெரிவதற்கு முன்பே பட்டியலைக் கொடுக்க வேண்டும். பழைய அனுபவம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள்.

போன வருடக் கட்-ஆஃபை மட்டும் பார்ப்பது

ரேங்க்கைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடத்தில் 187 எடுத்தவருக்கும் கடினமாக இருந்த வருடத்தில் 187 எடுத்தவருக்கும் ஒரே ரேங்க் வராது. உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில், நீங்கள் கேட்கும் கிளையில் (பாடப்பிரிவில்), கடைசி இடம் எந்த ரேங்க்கில் முடிந்தது என்பதே கணக்கு.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

ஒரே அறக்கட்டளை, ஏறக்குறைய ஒரே பெயர், இரண்டு மூன்று கல்லூரிகள். ஒன்று தன்னாட்சி பெற்றது, ஒன்று நேற்று ஆரம்பித்தது, இன்னொன்று டிஎன்இஏ-வுக்குள்ளேயே வராத நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கல்லூரிக் குறியீட்டு எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

அங்கீகார போர்டு

நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்று கல்லூரி முழுமைக்கும். என்பிஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் அந்தந்தக் கிளைக்கு. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வாசலில் மாட்டிவைத்துவிட்டு, போன வருடம் தொடங்கிய ஏஐ கிளைக்கு ஆள் பிடிப்பார்கள். "இந்தக் கிளைக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

தேர்ச்சி விகிதத்திலும் ஒரு சிக்கல். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் பட்டியலில் தன்னாட்சிக் கல்லூரிகள் வராது. அவை தாங்களே தேர்வு நடத்துகின்றன. அதில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு நல்ல கல்லூரியை ஒதுக்கிவிட வேண்டாம்.

'ஹையஸ்ட் பேக்கேஜ்'

அது ஒரே ஒரு பையனின் சம்பளம். உங்கள் கிளையில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

அசல் சான்றிதழை ஒப்படைப்பது

கூடாது. அசலைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) விதி. சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

லாக் செய்யும் அவசரம்

பட்டியலை முதல் நாளே லாக் (இதுதான் இறுதி என்று உறுதி) செய்யாதீர்கள். பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரியையும் அதற்குக் கீழே உள்ள வரியோடு ஒப்பிடுங்கள்: இரண்டும் கிடைத்தால் எதில் சேருவாய்? கீழே உள்ளதைச் சொன்னால் வரிசையை மாற்றுங்கள். பதில் பிள்ளையிடமிருந்து வர வேண்டும், சித்தப்பாவிடமிருந்து அல்ல.