இரண்டு தாய் டேபிள், ஒரே நெடுவரிசை: பெயர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியில் தண்ணீர் லாரி வைத்திருக்கும் ஒருவருக்காகப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் மூன்று டேபிள்கள் போட்டிருந்தோம். ‘வண்டி’, ‘சொத்து’ இரண்டும் தாய். ‘டேங்கர்’ இரண்டுக்கும் சேய், அதாவது இரண்டின் நெடுவரிசைகளையும் வாரிசாகப் பெறும் டேபிள். இரு தாய்களிலும் ‘எண்’ என்று ஒரு நெடுவரிசை. வண்டியில் அது ஆர்டிஓ பதிவு எண். சொத்தில் கணக்கர் போட்ட வரிசை எண்.

தவறு டேபிள் போட்ட அன்றைக்கே நடந்துவிட்டது. பெயரும் தரவு வகையும் ஒன்றாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் இரண்டையும் சேயில் ஒரே நெடுவரிசையாக இணைத்துவிடும். இணைத்ததை ‘நோட்டீஸ்’ என்று திரையில் சொல்லவும் செய்யும். நாங்கள் அதைப் படிக்கவில்லை. தயவுசெய்து நீங்கள் படியுங்கள்.

ஏப்ரலில், லாரிகள் ஓயாமல் ஓடும் நேரத்தில், வண்டியின் ‘எண்’ணைப் ‘பதிவு_எண்’ என்று மாற்றப் போனோம். பிழை வந்தது. சேயில் நேரடியாக மாற்றினாலும் பிழை. ‘ஒன்லி’ என்ற சொல்லைப் போட்டுத் தாயில் மட்டும் மாற்றினாலும் பிழை. இந்தக் கண்டிப்பு சரிதான். டேங்கரில் பெயர் மாறிவிட்டால், சொத்து எதிர்பார்க்கும் ‘எண்’ அங்கே இருக்காது. 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்துதான் இந்தத் தடை இருக்கிறது. இரண்டு தாய்க்கும் ஒரே பாட்டி இருந்து, நெடுவரிசை அவளிடமிருந்தே வந்திருந்தால் சிக்கலில்லை. பாட்டியிடம் மாற்றினால் எல்லோரிடமும் மாறும்.

எங்களுக்கு அப்படி இல்லை. அதனால் டேங்கரைச் சொத்திலிருந்து ‘நோ இன்ஹெரிட்’ என்ற கட்டளை கொடுத்துப் பிரித்தோம். வண்டியில் பெயரை மாற்றினோம். டேங்கரிலும் தானாக மாறியது. அப்புறம் டேங்கரில் அதே வகையில் புதிதாக ‘எண்’ சேர்த்து, வரிசை எண்களை நிரப்பி, மறுபடி ‘இன்ஹெரிட்’ கொடுத்துச் சொத்தோடு சேர்த்தோம். சொத்தின் நெடுவரிசையில் ‘நாட் நல்’ (காலியாக விடக்கூடாது என்ற விதி) இருந்தால் சேயிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேராது.

இவை எல்லாவற்றையும், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால், பிரிந்திருக்கும் நேரத்தில் சொத்து டேபிளில் தேடுபவருக்கு லாரிகளே தெரியாது. பெயர் மாற்றம் டேபிளை முழுதாகப் பூட்டும் என்பதால் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு போடும் ‘லாக்_டைம்அவுட்’டும் வையுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே ஓடும் கேள்வி ஒன்று முடியும்வரை பெயர் மாற்றம் காத்திருக்கும், அதன் பின்னால் மற்றவை எல்லாம் வரிசையில் நிற்கும்.

கைவைக்கும் முன், நெடுவரிசைகளின் விவரம் இருக்கும் ‘பிஜி_அட்ரிபியூட்’ டேபிளில் சேயின் நெடுவரிசைக்கு ‘அட்இன்ஹ்கவுண்ட்’ எவ்வளவு என்று பாருங்கள். 2 என்றால் இரண்டு நேரடித் தாய்களிடமிருந்து வந்தது. மாற்றிய பிறகு, வியூக்கள் (சேமித்து வைத்த கேள்விகள்) தொடர்ந்து ஓடும், ஆனால் பழைய பெயரையே காட்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் நிரல்மொழியான பிஎல்-பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதிய, வண்டியின் பழைய பெயரைச் சொல்லும் டிரிகர்களும் ஃபங்ஷன்களும் அடுத்து ஓடும்போதுதான் உடையும். அவற்றைத் தேடித் திருத்துவது நம் வேலை.