கட்டுநாயக்காவில் இருந்து ஊருக்கு: இரவோடு இரவாக வெளிக்கிடாதீர்கள்

யாழ்ப்பாணம் போக முதலில் கொழும்புக்குப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். தேவையில்லை. கட்டுநாயக்கா விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே 32 கிலோமீற்றர் அளவில், நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வான் பிடித்தால் சிலாபம், புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போய் மதவாச்சியில், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஏறலாம்.

கட்டுநாயக்கா, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை தளம் அமைத்த இடம். அதற்கு முன்பே பயணிகள் விமானங்கள் கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானையில் இறங்கத் தொடங்கியிருந்தன. 1960களில் கனடாவின் உதவியோடுதான் இங்கே சர்வதேச விமான நிலையம் கட்டப்பட்டது. இன்று ரொறன்ரோவில் இருந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள். 1970இல் முன்னாள் பிரதமர் பண்டாரநாயக்காவின் பெயர் வைத்தார்கள், 1977இல் எடுத்தார்கள், 1995இல் திரும்ப வைத்தார்கள். ஊரில் எல்லோருக்கும் அது கட்டுநாயக்காதான்.

விசாவை வெளிக்கிட முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். குடிவரவு முடிந்து வந்தால் தீர்வையற்ற கடைகளில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் வரிசையாக நிற்கும். மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்புகிறவர்கள் அங்கேதான் வீட்டுக்குச் சாமான் வாங்குவார்கள். உங்களுக்குத் தீர்வையில்லாமல் வாங்கும் சலுகை உண்டா என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். சிம் அட்டையும் காசு மாற்றும் வங்கிகளும் வெளியே வர முன்பே இருக்கின்றன.

இனி முக்கியமான விஷயம். பல விமானங்கள் இரவில்தான் இறங்கும். உங்களை ஏற்ற வந்த வான் சாரதித் தம்பி பகல் முழுக்க யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடி வந்திருப்பார். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, கண் சிவக்கச் சிவக்கத் திரும்ப அதே தூரம் ஓடுவார். புத்தளம் தாண்டினால் பல இடங்களில் காடு, இருட்டு, சிலவேளை வீதியில் யானை. பின் சீற்றில் எல்லோரும் நல்ல நித்திரை. இப்படி ஊருக்குப் போய்ச் சேராத குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து நீர்கொழும்பில் ஓர் அறை எடுங்கள், அவருக்கும் சேர்த்து. விடியப் புறப்பட்டால் சிலாபத்தில் முன்னேஸ்வரத்தையும் கும்பிட்டுவிட்டு, பொழுதுபட முன் வீடு சேரலாம்.

நீண்ட வீதிப் பயணம் முடியாத அம்மா, அப்பா கூட வந்தால் சென்னை வழியாக, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள பலாலி விமான நிலையத்துக்கு வரலாம். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. வருவது சிறிய விமானம், ஆகவே எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்று டிக்கெட் எடுக்க முன்பே பாருங்கள்.