பிளம்ஸ் பழத்தைத் தோலோடு சாப்பிடுங்கள்

பிளம்ஸ் பழத்தைத் தோல் சீவிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அந்தக் கருஞ்சிவப்பு நிறத்தைத் தருகிற ஆந்தோசயனின் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. நார்ச்சத்திலும் ஒரு பங்கு அதோடு போய்விடும். தோல் மேல் சாம்பல் பூசினாற்போல வெள்ளையாகப் படிந்திருப்பது பழத்தின் இயற்கையான மெழுகு, பூஞ்சை இல்லை. நன்றாகக் கழுவினால் போதும்.

நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 30 கலோரிதான். இனிப்பு சாப்பிடத் தோன்றும் நேரத்தில் இரண்டு பழம் தாராளமாகச் சாப்பிடலாம். வைட்டமின் சி, பொட்டாசியம் இரண்டும் ஓரளவு கிடைக்கும்.

மலச்சிக்கலால் அவதிப்படுகிறவர்களுக்கு உலர்ந்த பிளம்ஸ் கைகண்ட உணவு. அதிலுள்ள சார்பிட்டால் என்கிற இனிப்புப் பொருள் குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும், நார்ச்சத்தும் துணை நிற்கும். இரவு நாலைந்து பழங்களை வெந்நீரில் ஊறப் போடுங்கள். காலையில் உப்பி, மெத்தென்று ஆகியிருக்கும். அந்த நீரையும் கொட்டிவிடாமல் குடியுங்கள். எடுத்த எடுப்பில் கைநிறைய அள்ளிச் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியாகும். 100 கிராமில் 240 கலோரி இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும்.

சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உலர்ந்த பழத்தில் வைட்டமின் கே-யும் கணிசமாக உண்டு, அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம்.

வாங்கிய பழம் கல்லாக இருக்கிறதா? காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்கும், அதுதான் பதம்.