முதல் ஓவியக் கண்காட்சியா? ஆணி அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

ஓவியங்கள் தயார், ஹாலும் கிடைத்துவிட்டது. உடனே சுத்தியலைத் தேடாதீர்கள். வருகிறவர் எந்தப் படத்தை முதலில் பார்ப்பார், எங்கே நிற்பார், எதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போவார் என்பதில் பாதியை அந்த ஹாலே முடிவு செய்துவிடும். மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, காலி ஹாலைச் சுற்றி நடப்பது. வாசலில் நின்றதும் நேரே கண்ணில் படுகிற சுவருக்குத்தான் உங்கள் வலுவான படம் போக வேண்டும். பெரிய படமென்றால் எதிரே நாலடி பின்வாங்கி நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குறுகலான நடைவழிக்குச் சின்னப் படங்களே சரி. அங்கே ஆட்கள் கிட்டே வந்துதான் பார்ப்பார்கள்.

அடுத்து, எல்லாப் படங்களையும் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் நெருக்காதீர்கள், இரண்டு படங்களைக் குறையுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் செய்யுங்கள்.

இப்போது உயரம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 இன்ச் வரை இருப்பது பரவலான வழக்கம். பிரேம் 30 இன்ச் உயரம் என்று வையுங்கள். அதில் பாதி 15. பின்னாலுள்ள கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் பிரேமின் உச்சிக்கு 3 இன்ச் கீழே நிற்கிறது. அப்படியானால் ஆணி 57 + 15 – 3, அதாவது 69 இன்சில். குழந்தைகள் அதிகம் வருவார்கள் என்றால் எல்லாவற்றையும் கொஞ்சம் இறக்குங்கள்.

வெளிச்சத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பாட் லைட், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் விழட்டும். செங்குத்தாக விழுந்தால் பிரேமின் நிழல் படத்தில் இறங்கும். ரொம்பச் சாய்ந்தால் கண்ணாடி பளபளக்கும். நீர்வண்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், அதற்கு மேல் நிறம் வெளுக்கும் வேகம் கூடும்.

பாரீஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். இரண்டு நீள்வட்ட அறைகள், மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம் என்று பிரெஞ்சு ஓவியர் கிளோட் மோனேயின் விருப்பப்படியே அமைத்து, அவருடைய அல்லிக்குள ஓவியங்களை 1927-இல் திறந்தார்கள். 1960-களில் மேலே ஒரு தளம் கட்டியதில் அந்த வெளிச்சம் அடைபட்டுப் போனது. ஓவியங்கள் அதே சுவரில்தான் இருந்தன. ஆனால் வானத்தோடு சேர்ந்து மாறுகிற அந்த நீரின் நிறம் போய்விட்டது. பிறகு அந்தத் தளத்தையே அகற்றி, 2006-இல் மறுபடி திறந்தார்கள். எனக்கு அது சரியான செலவாகவே படுகிறது.

கடைசியாக லேபிள். படத்தின் வலப்பக்கம், சற்றுக் கீழே, சின்னதாக. லேபிள் பெரிதாக இருந்தால் ஆட்கள் முதலில் அதைப் படித்துவிட்டு, படத்தை ஒரு பார்வையோடு விட்டுவிடுவார்கள். பிரேசிலில் கட்டடக் கலைஞர் லினா போ பார்தி 1968-இல் சாவோ பாவ்லோ கலை அருங்காட்சியகத்துக்காக, கான்கிரீட் கட்டையில் நிற்கும் கண்ணாடிப் பலகைகளில் ஓவியங்களை மாட்டி, லேபிளைப் பின்பக்கம் வைத்தார். ஓவியர் யாரென்று தெரிய வேண்டுமா? படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றி வர வேண்டும். நம் ஹாலில் அதற்கு வசதியில்லை என்றால், எல்லா விவரங்களையும் ஒரே தாளில் அச்சடித்து வாசலில் வைத்துவிடலாம்.