திருகோணமலையிலிருந்து குச்சவெளி வரை: சைக்கிளிலும் நடையிலும் ஒரு கரையோரப் பயணம்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் புல்மோட்டை வீதியை பஸ் யன்னல் வழியாக மட்டுமே அறிவார்கள். அந்த வீதியைச் சைக்கிளிலும் கால்நடையாகவும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நகரிலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். குச்சவெளி ஏறத்தாழ 34 கிலோமீற்றர். பாதை பெரும்பாலும் சமதரை என்பதால், முதல் தடவை நிலாவெளி வரை போய்த் திரும்பி உடலைப் பழக்கிக்கொண்டவர் அடுத்த தடவை குச்சவெளியை எட்டிவிடலாம். மாரி மழை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்கள் மிக உகந்தவை.

கியர் சைக்கிள் தேவையில்லை. சற்றுத் தடித்த ரயர் பூட்டிய சாதாரண சைக்கிளையே நான் விரும்புவேன். வீதியோர மணலில் இறங்க நேர்ந்தால் மெல்லிய ரயர் புதைந்து வண்டியைச் சரித்துவிடும். ஒட்டுப் போடும் பொருட்களைவிட ஒரு மாற்று ரியூப்பும் சிறிய பம்பும் கொண்டுபோவது நல்லது, ஏனெனில் நெருஞ்சி முள் ஏறிய ரியூப்பில் ஓர் ஓட்டையை அடைத்த பின்னரும் இன்னொன்று கசிந்துகொண்டிருக்கும். புதிய ரியூப்பைப் போடுமுன் ரயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். முறிந்து நிற்கும் முள் நுனியில் துணியின் இழை சிக்கிக் காட்டிக்கொடுக்கும்.

இனிக் காற்று. புதியவர்களைக் களைக்க வைப்பது தூரமன்று, கச்சான் காற்று. மே தொடக்கம் ஆகஸ்ட் வரை தரைப்பக்கமிருந்து வீசும் இந்தச் சுடுகாற்று வெயில் ஏற ஏறப் பலக்கும். வீதி வடமேற்காகப் போவதால், அது இடப்பக்கத்திலிருந்து அடித்து, இடது ஓரமாகச் செல்லும் உங்களை வீதியின் நடுவுக்குத் தள்ளும். மரங்களும் வீடுகளும் உள்ள இடத்தில் இது தெரியாது. நிலாவெளிக்கு அப்பால் களப்பைக் கடக்கும் இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியதும் களப்பின் மேலாக வரும் காற்று தடையின்றித் தோளில் மோதும். திரும்பும்போது நிலைமை மாறும். காற்று வலப்பக்கத்திலிருந்து வருவதால் உடல் தானாகவே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். முந்திச் செல்லும் பஸ் அந்தக் காற்றை ஒரு கணம் மறைத்ததும், சாய்வு சைக்கிளைப் பஸ்ஸின் பக்கமே திருப்பிவிடும். ஆகவே பாலத்துக்கு முன் நின்று, பின்னால் பெரிய வாகனம் வரவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே ஏறுங்கள். முழங்கைகளைத் தளர்த்தி வைத்திருங்கள். காற்று மிகுந்தால் இறங்கி உருட்டிச் செல்லுங்கள். சூரியன் எழுமுன் நகரிலிருந்து புறப்பட்டால், போகும்போதாவது காற்று பலக்குமுன் பாலத்தைக் கடந்துவிடலாம்.

நடைக்கு நிலாவெளிக் கடற்கரை சிறந்தது. சைக்கிளைக் கடையொன்றில் சொல்லி வைத்துவிட்டு, அலை வந்து மீளும் ஈர மணலில் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு வலப்பக்கத்தில் தெரியும். மணல்மேட்டில் அடம்பன் கொடி காலுக்கு ஒன்றும் செய்யாது. அதனருகே வளரும் இராவணன் மீசை என்னும் புல்லின் இலை நுனி ஊசி போலக் குத்தும் என்பதால், செருப்பைவிடச் சப்பாத்தே நல்லது. கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டாமல், இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். அது அவர்களுடைய வேலைத்தலம். களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை நீர் குறைவாகத் தெரிந்தாலும் இறங்கிக் கடக்காதீர்கள், வீதிக்குத் திரும்பிப் பாலத்தால் செல்லுங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த சிலர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நிலாவெளியைத் தாண்டினால் கடைகள் குறையும் என்பதால் அங்கேயே போத்தல்களை நிரப்பிக்கொள்ளுங்கள். புல்மோட்டை வரை நீட்டலாமா என்று கேட்டவர்களுக்கு: நீட்டலாம், ஆனால் குச்சவெளிக்கு அப்பால் காடு நெருங்குகிறது, யானை நடமாட்டமும் உண்டு. அந்தப் பகுதியைத் துணையோடு, நல்ல பகல் வெளிச்சத்தில் மட்டும் கடக்க வேண்டும். பிற்பகலில்தான் குச்சவெளியை அடைந்தீர்கள் என்றால் அன்றைய பயணத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.