கண்மாய்க் கரையில் ஒன்பது பிள்ளைகள்

நான் டீச்சர் இல்லை. மேலூர் பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஞாயிறு காலை 7 மணிக்குத் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போவேன். கடைக்குட்டிக்கு 4 வயது, மூத்தவளுக்கு 12. "எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், என்ன காட்டப் போகிறோம் என்ற திட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டிக்கு வேன் பிடித்துப் போனோம். பாறை மேலே வல்லூறு காட்டலாம் என்று நான் அண்ணாந்து நிற்கிறேன், ஒன்பதும் மர நிழலில் புழுதியில் குந்திவிட்டன. குழியானை! மண்ணில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் சின்னப் பூச்சி. புனல் மாதிரிக் குழிகள், வரிசையாக. எனக்கு வேன் வாடகை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன், நல்லவேளை.

சின்னவன் குனிந்து 'ஃபூ' என்று ஊதி, மண் பூராவும் கண்ணில். நாலாவது படிக்கிறவன் அவனை நகர்த்தி உட்கார வைத்து, "ஊதாதடா, எறும்பு விழுற மாதிரி செய்யணும்" என்று ஒரு புல்லால் குழி விளிம்பில் நாலு மணல் தட்டிவிட்டான். அடியிலிருந்து மண்ணை வாரி எறிந்தது அது. மண்ணோடு சேர்த்து அள்ளி உள்ளங்கையில் விட்டால், பின்னாலேயே போகிறது. "ஏன் அத்தை ரிவர்ஸ்லயே போகுது?" எனக்குப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "நீ என்ன நினைக்கிற?" என்றேன். அன்று முழுக்க அதே பேச்சு. அது வளர்ந்தால் தட்டான் மாதிரி இறக்கை முளைத்துப் பறக்கும் என்பதை அவர்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னேன், மூன்று வாரம் கழித்து. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் சின்னவனுக்கு அந்தப் புல் வித்தை வந்திருக்காது.

அதனால் வயது வாரியாகப் பிரிக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்: எந்தப் பக்கம் போவது என்பதைக் கடைக்குட்டி சொல்லட்டும், நடையும் அவன் நடைதான். அதட்டி வேலை வாங்கும் அண்ணன் ஒருத்தன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். திட்டிப் பயனில்லை, கைக்கு வேலை கொடுங்கள். எங்கள் ஆளிடம் பனையோலையை நீட்டினேன். ஓலையை மடித்து, நடுவில் கருவேல முள் குத்திக் காத்தாடி செய்து முடிப்பதற்குள் சின்னதுகள் அவனைச் சுற்றி வரிசை கட்டிவிட்டன. முள் ஒடிப்பது மட்டும் பத்து வயதுக்கு மேல்.

எல்லைக்கு என் கடைச் சிவப்புத் துண்டுத்துணி. போனதும் பிள்ளைகளே செடிகளில் கட்டுவார்கள். அதைத் தாண்டக் கூடாது, அதற்குள் நான் தலையிட மாட்டேன். ஒருமுறை வெள்ளாடு ஒன்று எங்கள் எல்லையைத் தின்றுவிட்டது. இப்போது ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் கட்டுகிறோம்.

சனிக்கிழமை சாயங்காலமே தனியாக ஒரு நடை போய் வாருங்கள். உடைந்த பாட்டில், கதண்டுக் குளவிக் கூடு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. எல்லாவற்றையும் விட மோசம் கண்மாயில் மண் அள்ளின குழி. தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. தண்ணீர் இருக்கும் மாதங்களில் நாங்கள் கரையை விட்டு இறங்குவதே இல்லை, துணைக்கு இன்னொரு பெரியவரும் வருவார். எருக்கம்பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. பாம்பைப் பார்த்தால் அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள், 108.

கையில் குடிதண்ணீர், காலில் செருப்பு, ஒரு காலி டப்பா போதும். பூதக்கண்ணாடி வாங்கினேன், முதல் நாளே சண்டை, பீரோவில் கிடக்கிறது. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினால் அதற்குச் சண்டை வராது, மரம் நிறைய இலை.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறும், திரும்பிவிடுவோம். பாவாடை முழுக்க நாயுருவி ஒட்டியிருக்கும், அம்மாக்கள் முறைப்பார்கள். முள்ளில் கிழிந்ததை மட்டும் என்னிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை தைத்துத் தந்துவிடுவேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.